திரும்ப வாங்க முடியாத புத்தகம்

பாடப்புத்தகத்துக்குப் பதிலாகக் கைக்கணினியைக் கொடுத்துவிட்டால் என்ன என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்குள் ஏதோ உறுத்துகிறது. என்ன உறுத்தல் என்று கேட்டால் சட்டென்று சொல்லத் தெரிவதில்லை. வழக்கமாகச் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது. கண் கெட்டுவிடும் என்கிறார்கள். சிம்னி விளக்கில் மட்டமான தாளில் படித்தவர்களுக்கும் கண் கெடத்தான் செய்தது. பிள்ளைகள் விளையாட்டில் இறங்கிவிடுவார்கள் என்கிறார்கள். வரலாற்றுப் புத்தகத்துக்குள் ராணி காமிக்ஸை விரித்துவைத்துப் படித்த தலைமுறைக்கு அதைச் சொல்லும் தகுதி இல்லை. புதுப் புத்தக வாசனை, பக்கத்துக்குள் வைத்த மயிலிறகு என்று உருகுகிறவர்களோடு சேர்ந்துகொள்ளவும் மனம் வரவில்லை. மயிலிறகு குட்டி போடாது என்று எங்களுக்கு அப்போதே தெரியும். அரசுப் பள்ளிப் புத்தகத்தின் வாசனையைப் பற்றி எழுதுகிறவர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளைகளை அந்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது. ஆகவே ஏக்கத்தை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டுத்தான் இதை யோசிக்க வேண்டியிருக்கிறது. தள்ளிவைத்த பிறகும் உறுத்தல் போகவில்லை.

கைக்கணினியின் பக்கம் இருக்கும் நியாயம் சின்ன நியாயம் இல்லை. ஆர்.கே. நாராயண் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட பிறகு 1989இல் அங்கே பேசிய முதல் பேச்சே பிள்ளைகள் சுமக்கும் புத்தகப் பையைப் பற்றியதுதான். வாழ்நாள் முழுக்கச் சின்ன ஊர்ப் பையன்களைப் பற்றி எழுதியவர், நாடாளுமன்றத்தில் கிடைத்த முதல் வாய்ப்பை அதற்குச் செலவழித்தார். அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக அமைந்த யஷ்பால் குழு 1993இல் அறிக்கை கொடுத்தது. பை இளைத்ததாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது ஒரு வருஷப் புத்தகத்தை மூன்றாக வெட்டித் தைத்தார்கள், சுமை குறைந்தது. கைக்கணினி வந்தால் பையே வேண்டாம். பார்வை குன்றிய பிள்ளைக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும், வாசித்தும் காட்டும். பிரெய்ல் புத்தகம் எப்போது வந்து சேரும் என்று காத்திருக்கிற பிள்ளையிடம் போய் அச்சுப் புத்தகத்தின் அருமையைப் பேச எனக்குத் துணிச்சல் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும் வீடு வீடாகப் புத்தகங்கள் ஊறி உப்பிப் போயின, அரசு மறுபடியும் கொடுக்க வேண்டிவந்தது. கருவி நனைந்தால் கருவிதான் போகும்; பாடத்தை இன்னொரு கருவியில் இறக்கிக்கொள்ளலாம். இவ்வளவையும் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகு மிஞ்சுவது எது என்பதுதான் கேள்வி.

இலவசப் புத்தகம் எல்லா வகுப்புக்கும் வந்து சேருவதற்கு முன்னால், முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு மேல்வகுப்புப் பையன்களின் வீட்டு வாசலில் போய் நிற்பது ஒரு வழக்கம். "அண்ணே, அந்தக் கணக்குப் புத்தகத்தை வேற யாருக்கும் சொல்லிடாதீங்க" என்று முன்பதிவு செய்துவிட்டு வருவோம். அட்டை நன்றாக இருந்தால் பாதி விலை, கிழிந்திருந்தால் கால் விலை. முதல் பக்கத்தில் அவர் பெயரை அடித்துவிட்டு அதற்குக் கீழே நம் பெயரை எழுதுவோம். சில புத்தகங்களில் மூன்று பெயர்கள் அடிபட்டிருக்கும். உள்ளே போனால் அவர்கள் எல்லாரும் இருப்பார்கள். பத்திகளுக்குப் பென்சிலால் போட்ட அடைப்புக்குறி, ஓரத்தில் 'ஐந்து மார்க்', 'மார்ச்சில் கேட்டது', ஒரு பாடம் முழுக்கக் குறுக்குக்கோடு போட்டு 'வராது'. தலைவர்களுக்கு மீசை, ஏற்கெனவே மீசை உள்ளவர்களுக்குக் கண்ணாடி. என் பெயரை அறிய இருபதாம் பக்கம் பார் என்று இருக்கும். இருபதாம் பக்கம் நாற்பத்தைந்துக்கு அனுப்பும், அது தொண்ணூறுக்கு அனுப்பும், கடைசியில் உன்னைப் போல முட்டாள் உண்டா என்று ஒரு வரி காத்திருக்கும். அரசாங்கம் அச்சடித்த வரிகளுக்கும் இந்தக் கிறுக்கல்களுக்கும் நடுவில்தான் நாங்கள் படித்தோம். 'வராது' என்று அடிக்கப்பட்ட பாடத்தைத்தான் முதலில் படித்தேன். தேர்வுக்கு வராது என்று தெரிந்த பிறகு அதைப் படிப்பதில் ஒரு சுகம் இருந்தது.

இதில் ஒரு விஷயத்தை அப்போது கவனிக்கவில்லை. அந்தப் புத்தகத்தை அச்சடித்தது அரசாங்கம், ஆனால் கைமாறிக்கொண்டிருந்தபோது அரசாங்கத்துக்கு அதன்மேல் ஒரு பிடியும் இல்லை. விற்ற பிறகு, இலவசமாகக் கொடுத்த பிறகும்கூட, அந்தப் பிரதி அரசாங்கத்தின் கையை விட்டுப் போய்விடுகிறது. மனம் மாறினால் அடுத்த வருஷப் பதிப்பில் மாற்றலாம். போன வருஷப் பதிப்பு ஏதோ ஒரு வீட்டுப் பரணில், ஏதோ ஒரு பழைய புத்தகக் கடையில், எடைக்கு எடை போகக் காத்திருக்கும் மூட்டையில் இருந்துகொண்டே இருக்கும். அரசாங்கம் போன வருஷம் என்ன சொன்னது என்பதற்கு அதுவே சாட்சி. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தன்னையறியாமல் அரசாங்கத்துக்கு எதிரான ஒரு சாட்சியத்தைப் பிரவுன் ஷீட் அட்டை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறது. எனக்கு உறுத்தியது இந்த இடம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

2011ஆம் வருஷம் நினைவிருக்கும். சமச்சீர் கல்விச் சட்டம் 2010இல் வந்தது. முதல் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் அந்த ஆண்டே புத்தகம் வந்துவிட்டது. மற்ற வகுப்புகளுக்கு அச்சாகிக் கிடங்குகளில் அடுக்கியிருந்த நேரத்தில் ஆட்சி மாறியது. புதிய அரசு திட்டத்தை நிறுத்திவைத்தது, சட்டத்தையும் திருத்தியது. பள்ளிகள் ஜூனில் திறந்தன, புத்தகம் இல்லை. வழக்கு உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் போய், ஆகஸ்ட் 9ஆம் தேதி சமச்சீர் கல்வியை நடைமுறைப்படுத்தியே ஆக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதுவரை பிள்ளைகள் பாட்டும் கதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வகையில் அவர்கள் அனுபவித்த கடைசி நல்ல பருவம் அதுவாக இருக்கலாம், அதை விடுங்கள். புத்தகத்தைக் கொடுத்துத்தான் தீர வேண்டும் என்று ஆனதும், முந்தைய முதல்வர் எழுதிய வாழ்த்துப் பாடலும் செம்மொழி மாநாட்டுச் சின்னமும் இருந்த பக்கங்களை மறைக்க ஏற்பாடு நடந்தது. ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சில இடங்களில் கறுப்பு மையால் அடித்தார்கள், சில இடங்களில் தாளையே கிழித்தார்கள். வகுப்பறையில் கத்தரிக்கோலும் ஸ்டிக்கர் தாளுமாக ஆசிரியர்கள் உட்கார வேண்டியிருந்தது.

ஸ்டிக்கர் என்பது மறைக்கும் வேலைக்குக் கொஞ்சமும் லாயக்கில்லாத பொருள். தடவிப் பார்த்தால் விளிம்பு தட்டும். அந்தப் பக்கம் மட்டும் விறைப்பாக இருப்பதால் புத்தகம் தானாக அங்கேதான் திறக்கும். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே இருக்கும் எழுத்து மங்கலாகத் தெரியும். பின்பக்க எழுத்தும் தலைகீழாகக் கலந்து தெரிவதால் இரண்டையும் பிரித்துப் படிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை உண்டு. நகத்தால் மூலையைக் கிளப்பி, எச்சில் தொட்டு, மெல்ல உரித்தால் மேல்தாளோடு பாதி எழுத்தும் வந்துவிடும். மீதி எழுத்து அங்கேயே நிற்கும். ஒரு வாழ்த்துப் பாடலை, தேர்வுக்குக்கூட வராத ஒரு பாடலை, அவ்வளவு கவனமாகத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வேறெப்போதாவது படித்திருப்பார்களா என்பது சந்தேகம். ஒட்டியவர்களுக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது. அச்சாகிவிட்ட ஒன்றை வேறெப்படிச் சமாளிப்பது? தாள் அவர்களை அந்தக் கேலிக்கூத்துக்குத் தள்ளியது. அந்தப் பாடம் கைக்கணினியில் இருந்திருந்தால் அந்த ஜூனும் ஜூலையும் வந்தே இருக்காது. ஒரு ராத்திரியில் எல்லாக் கருவியிலும் பக்கம் மாறியிருக்கும். விளிம்பு தட்டாது. நீதிமன்றத்துக்குப் போகிறவர் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

இதை யோசிக்கும்போது உ.வே. சாமிநாத ஐயரின் நினைவு வராமல் இருப்பதில்லை. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிப்பதற்கு அவர் ஊர் ஊராகச் சுவடி தேடினார் என்பது எல்லாரும் சொல்லும் கதை. ஒரு சுவடி போதாதா, ஏன் அத்தனை சுவடி என்று கேட்டால்தான் விஷயம் துலங்கும். ஒவ்வொரு சுவடியிலும் பாடம் வேறு. ஏடெழுதியவர் தூங்கி வழிந்தது ஒரு சுவடியில், தனக்குப் புரியாததைத் திருத்திக்கொண்டது இன்னொன்றில், கறையான் தின்றது மற்றொன்றில். ஒன்றின் பொய்யை மற்றொன்று காட்டிக்கொடுத்தது. எல்லா மடத்திலும் ஒரே சுவடி, ஒரே நாளில் ஒரே மாதிரி மாறக்கூடிய சுவடி இருந்திருந்தால் அவருக்குப் பாடபேதம் என்று குறிப்பதற்கு எதுவும் இருந்திருக்காது. நமக்கு எந்தப் பாடம் மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்கும் வழியும் இருந்திருக்காது. 1894இல் வெளியிட்ட புறநானூற்றில் கிடைக்காத அடிகள் உண்டு. 267, 268 என்ற இரண்டு பாட்டுகளே இல்லை. எண்ணை இழுத்து மூடிக் கணக்கைச் சரிசெய்யவில்லை. இன்றைக்கும் எந்தப் பதிப்பை எடுத்தாலும் 266க்குப் பிறகு 269தான். இல்லாததை இல்லை என்று காட்டுவதும் பதிப்பாசிரியரின் வேலை என்று தமிழில் ஒரு மரபு இருக்கிறது. பாடநூல் எழுதுகிறவர்கள் அந்த மரபுக்குள் வருவார்களா, மாட்டார்களா என்பது யாரும் கேட்காத கேள்வி.

அவரே 2021 ஆகஸ்டில் ஒரு சர்ச்சையில் சிக்கினார். பள்ளித் தமிழ்ப் பாடநூலில் சாமிநாத ஐயர் 'சாமிநாதர்' ஆகியிருந்தார். வேறு சிலரின் பெயருக்குப் பின்னாலிருந்த சாதிப் பட்டங்களும் போயிருந்தன. சாதிப் பெயர் பிள்ளைகளின் புத்தகத்தில் வேண்டாம் என்பவனோடு நான் உடன்படுவேன். ஒருவர் தன் நூல்களின் முகப்பில் தானே போட்டுக்கொண்ட பெயரை அவர் இறந்த பிறகு திருத்த நீ யார் என்று கேட்பவனுக்கும் என்னிடம் பதில் இல்லை. இருவரும் எனக்குள்ளேயே இருந்துகொண்டு சண்டை போடுகிறார்கள், போடட்டும். எப்படியும் அந்தச் சண்டை நடக்க முடிந்தது. எந்த ஆட்சியில் மாறியது, எந்தப் பதிப்பிலிருந்து மாறியது என்று ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு பேச முடிந்தது. 2023 ஏப்ரலில் டெல்லியில் நடந்தது இதைவிடப் பாரதூரமானது. தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சி மன்றம் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று முந்தைய ஆண்டே நீக்கல் பட்டியல் ஒன்றை வெளியிட்டிருந்தது. புதிய புத்தகம் கைக்கு வந்தபோது, காந்தி கொலையைப் பற்றிய சில வரிகள், அதையொட்டி ஆர்.எஸ்.எஸ். தடைசெய்யப்பட்டதைப் பற்றிய குறிப்பு, இவையும் காணோம். பட்டியலில் இவை இல்லை. பட்டியலில் சேர்க்க விடுபட்டிருக்கலாம் என்று விளக்கம் வந்தது. இருக்கலாம். ஆனால் இந்த விடுபடலைக் கண்டுபிடித்தது எப்படி? பத்திரிகைக்காரர்கள் பழைய புத்தகத்தையும் புதிய புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள், அவ்வளவுதான். அந்த ஜூனில், புத்தகத்தின் தலைமை ஆலோசகர்களாக இருந்த யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷீகரும் எங்கள் பெயரை அதிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கடிதம் எழுதினார்கள். பழைய பிரதிகளில் அவர்கள் பெயர் இன்னும் இருக்கிறது. அவர்களே விரும்பினாலும் அதை எடுக்க முடியாது.

ஒரு ராத்திரியில் பக்கம் மாறும் என்று சொன்னதைக் கற்பனை என்று யாராவது நினைக்கலாம். 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டையும் அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றது. போயும் போயும் அந்த நாவலா என்று உலகமே சிரித்துத் தீர்த்ததால் இதன் மற்றொரு பகுதி அதிகம் பேசப்படவில்லை. ஒரு பள்ளி மாணவன் வீட்டுப்பாடத்துக்காக அந்தப் புத்தகத்தில் குறிப்புகள் எழுதிவைத்திருந்தான். குறிப்பு அவனிடம் தங்கியது. எந்த வரிக்கு எழுதிய குறிப்போ அந்த வரி போய்விட்டது. அவன் வழக்குப் போட்டான், நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. எங்கள் பழைய புத்தகத்தின் ஓரத்தில் 'ஐந்து மார்க்' என்று மட்டும் நிற்க, பத்தி காணாமல் போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். சிரிப்பு வரவில்லை.

இங்கே என் வாதத்துக்கு எதிராக நானே ஒன்று சொல்ல வேண்டும். புத்தகத்தில் பிழை இருந்தால்? 2019இல் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் தமிழைவிடச் சமஸ்கிருதம் பழையது என்று பொருள்படும் ஆண்டுக் கணக்கு அச்சாகிவிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் திருத்தப்படும் என்று அரசு சொன்னது. அச்சான பிரதிகள் அதற்குள் பிள்ளைகளின் பைக்குள் போய்விட்டன. கைக்கணினியாக இருந்தால் மறுநாளே சரிசெய்திருக்கலாம். கணக்குப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடைகளில் ஒன்று தப்பாக இருந்து, தான் போட்ட சரியான விடையை ராத்திரி முழுக்க அழித்து அழித்துப் போட்ட பிள்ளைக்கு இந்தத் தர்க்கம் நன்றாகப் புரியும். தவறைச் சுமந்துகொண்டு பல லட்சம் பிரதிகள் திரிவதை நான் ஏன் போற்ற வேண்டும்? இதற்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் தோன்றுகிறது. பிழை திருத்தம் என்று ஒரு துண்டுச்சீட்டைப் புத்தகத்துக்குள் செருகிக் கொடுப்பது அச்சில் உள்ள பழக்கம். தப்பு இது, சரி இது, இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும். பிள்ளைக்குப் பாடத்தோடு இன்னொன்றும் தெரிந்துவிடும், பாடப்புத்தகமும் தப்புச் செய்யும் என்று. திரைக்குள் திருத்தம் நடந்த சுவடே இல்லாமல் நடக்கும். அங்கே புத்தகம் எப்போதுமே சரியாக இருந்ததாகத் தெரியும். எப்போதும் சரியாகவே இருக்கிற புத்தகத்தைக் கொண்டு வளரும் பிள்ளை எதைச் சந்தேகப்படப் பழகும்?

கொடுப்பதாகச் சொல்லி இரவல் தருவதும் இதில் சேரும். 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினி தொடங்கியபோது, வாங்கிய பையன் அதைத் தன்னுடையது என்றான். அடகுக்கடைக்குப் போன மடிக்கணினிகளைப் பற்றி அப்போது கேலியும் கோபமுமாக எழுதினார்கள். அடகு வைக்க முடிந்தது என்றால் சொந்தம் என்று அர்த்தம். கேலி செய்தவர்கள் அதை யோசிக்கவில்லை. அரியானாவில் 2022 மே மாதம் பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை 5 லட்சம் பிள்ளைகளுக்குக் கைக்கணினி கொடுத்தார்கள். எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று தூரத்திலிருந்தே கட்டுப்படுத்தும் மென்பொருள் அதில் உண்டு. படிப்பு முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆந்திரத்தில் அதே ஆண்டு டிசம்பரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பைஜூஸ் பாடங்கள் ஏற்றிய கைக்கணினி கொடுத்தார்கள். 2024 ஜூலையில் அந்த நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கை தொடங்கியது. நமது பாடநூல் கழகத்தை எத்தனையோ காரணங்களுக்காகத் திட்டலாம், ஆனால் அது திவாலாகிக் கணக்குப் பாடம் பாதியில் நிற்கும் என்று எந்தப் பெற்றோரும் பயந்ததில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் 2013இல் ஐபேட் கொடுக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே சுமார் 300 பிள்ளைகள் பூட்டை உடைத்துவிட்டார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை; கருவியில் இருந்த ஒரு சுயவிவரக் கோப்பை நீக்கினார்கள், தடுத்துவைத்திருந்த தளங்களெல்லாம் திறந்துகொண்டன. உடனே கருவியை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்றார்கள். பிள்ளைகளின் புத்தி எங்கேயும் ஒன்றுதான். ஆனால் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிய பிள்ளை படிக்க விரும்பியது பாடப்புத்தகத்தை. இவர்கள் அதைவிட்டு வெளியேறத்தான் வழி தேடினார்கள்.

புத்தகம் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றான், எதைத் தள்ளிவிட்டுப் போனான், ராத்திரி எத்தனை மணிக்குத் திறந்தான் என்று அது யாரிடமும் போய்ச் சொல்லாது. 2018இல் நமது புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு அச்சிட்டார்கள். கைப்பேசியைக் காட்டினால் தீக்‌ஷா செயலி வழியாகக் காணொளி வரும். எனக்கே பிடித்திருந்தது, செல்களின் படத்தைப் பார்த்து ஒன்றும் புரியாமல் இருந்த பிள்ளைக்குச் செல் பிரிவதை அசையும் படமாகக் காட்டினால் யாருக்குத்தான் பிடிக்காது? 2022 மே மாதம் மனித உரிமைக் கண்காணிப்பகம் 49 நாடுகளின் கல்விச் செயலிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில் தீக்‌ஷாவும் இருந்தது. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதைத் திரட்டக்கூடியதாக அது இருந்தது என்றார்கள். 2023 ஜனவரியில், அதன் தரவு பூட்டாத ஒரு சேமிப்பகத்தில் கிடந்ததும், லட்சக்கணக்கான ஆசிரியர், மாணவர் விவரங்கள் வெளியே தெரியும்படி இருந்ததும் செய்தியாயின. இது கொள்ளை என்றோ சதி என்றோ நான் சொல்லமாட்டேன். அசிரத்தைதான். ஆனால் பாடப்புத்தகத்தை எவ்வளவு அசிரத்தையாக வைத்திருந்தாலும் அது எங்கள் வீட்டு முகவரியை ஊருக்குச் சொன்னதில்லை. வருகைப்பதிவு முதல் மாத்திரை கொடுத்தது வரை எல்லாவற்றையும் செயலியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களைப் பார்க்கிறேன். "பாடம் நடத்தறதுக்கு மட்டும்தான் சார் நேரம் இல்லை" என்று ஒருவர் சொன்னபோது சுற்றியிருந்த மற்றவர்கள் சிரிக்கவில்லை.

தாளில் படித்தால் நன்றாகப் புரிகிறதா, திரையில் படித்தாலா என்ற ஆராய்ச்சி நிறைய உண்டு. 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரை தாளுக்குத்தான் சாதகமாக முடிந்தது. ஸ்வீடன் 2023இல் மறுபடியும் அச்சுப் புத்தகம் வாங்க 68.5 கோடி குரோனர் ஒதுக்கியது. தென் கொரியாவில் 2025 மார்ச்சில் வந்த செயற்கை நுண்ணறிவுப் பாடநூலுக்கு, ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திப் பாடநூல் என்ற தகுதியையே எடுத்துவிட்டது. இனி அது துணைப்பொருள் மட்டுமே. இவற்றையெல்லாம் என் கட்சிக்குச் சாட்சியாக அழைக்கலாம். அழைக்க மனமில்லை. நாளைக்கே திரையில் படிப்பதுதான் நன்றாகப் புரிகிறது என்று 540 ஆய்வுகள் வரலாம். அப்போதும் என் உறுத்தல் இருந்த இடத்திலேயே இருக்கும். என் கேள்வி புரிதலைப் பற்றியதே அல்ல. கொடுத்தவர் கையை விட்டுப் புத்தகம் போகிறதா, போகவில்லையா என்பதைப் பற்றியது.

1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் 30 நாளுக்குள் சில பொது நூலகங்களுக்கு அனுப்பியாக வேண்டும். சென்னைக் கன்னிமாரா அவற்றில் ஒன்று. அச்சுப் புத்தகத்தை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு மாதிரி இருந்து, புதன்கிழமை காலையில் மாறிவிடும் பாடத்தை எந்த நூலகத்துக்கு யார் அனுப்புவது? கல்லூரிப் பிள்ளைகள் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று தமிழ்நாட்டின் 2025-26 வரவுசெலவுத் திட்டம் சொன்னது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கைக்கு அது ஏற்கெனவே வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒருநாள் வரும், வரட்டும். வேண்டாம் என்று கொடி பிடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கருவி வரும் நாளில் அச்சகத்தை மூடிவிடக் கூடாது. பாடத்தில் எந்த வரி மாறினாலும் மாறிய தேதியும் மாற்றச் சொன்ன ஆணையும் அதே பக்கத்தில் தெரிய வேண்டும். பழைய வரியையும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கும்படி விட்டுவைக்க வேண்டும். இதைச் சொல்ல நிபுணர் குழு எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெரும்பான்மை பெற்றோர்தான், தீர்மானம் எழுதும் பதிவேடும் உண்டு. கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் தீர்மானம் போடுகிற அந்தப் பதிவேட்டில் இதற்கும் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நீல மையிலேயே போடுங்கள்.